ஆட்ரிக்கு நீதி கேட்ட கூட்டம்

கால்வின் எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். பாக்கெட் காப்பியைக் கிழித்துக் கொட்டிக் கலக்கி, நின்றபடியே குடித்தான். கப்பைக் கழுவிக் கவிழ்த்தான். பால்கனியில் காய்ந்திருந்த உடுப்புகளை எடுத்து மடித்தான். பிறகு புது டி-சட்டையை உள்ளும் புறமும் மாற்றிப் போட்டு அயன் பண்ணினான். படத்தின் மேல் சூடு பட்டால் மூஞ்சி உருகிவிடும் என்று பிரிண்டிங் கடைக்காரர் எச்சரித்திருந்தார். மூஞ்சி அவன் மனைவியுடையது.

ஆட்ரி டெங்கிக் காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புடு பக்கம் இருக்கும் அந்தோணியார் கோயிலில் அன்று காலைப் பூசை அவள் பெயரில். கிள்ளானில் அவள் குடும்பத்துக்கு எதற்கும் டி-சட்டை வேண்டும். அறுபதாம் பிறந்தநாளுக்கு ஒன்று, போர்ட்டிக்சன் பிக்னிக்குக்கு ஒன்று. நினைவுப் பூசைக்கு மட்டும் இல்லாமல் போகுமா? ஆட்ரியின் தம்பி ரயன் பொறுப்பெடுத்துக்கொண்டான். ஊதாவா கறுப்பா என்று வாட்சப் குழுவில் பெரிய சண்டை நடந்து, கறுப்பு ஜெயித்தது. படத்துக்குச் சண்டையே இல்லை. பெரிதாக்கினால் உடையாத படம் ஒன்றுதான் கிடைத்தது. ஆபீஸ் டின்னர் லக்கி டிராவில் ரைஸ் குக்கர் பரிசாக விழுந்தபோது, கையை மடக்கி மேலே தூக்கி அவள் கத்திய படம். குக்கரையும் பலூன்களையும் மேனேஜரையும் கடைக்காரர் வெட்டி எடுத்துவிட்டார். மிஞ்சியது வாயைத் திறந்த ஒரு பெண், ஓங்கிய முஷ்டி, பின்னால் சிவப்பு. கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, மறக்க மாட்டோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அன்றைக்குக் கோலாலம்பூரில் விலைவாசிப் பேரணி. எல்லாரும் கறுப்பு உடுத்தி வரும்படி அழைப்பு. இது குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் இல்லை. ரோட்டை அடைப்பார்கள், பார்க்கிங் கிடைக்காது, ஆகவே ரயிலில் போவோம் என்று விவரமாகத்தான் பேசி முடிவெடுத்தார்கள். சட்டையைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ரயிலில் மாமியார் செசிலியா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அளவு தப்பிப் போய், சட்டை அவருக்கு முழங்கால் வரை வந்தது.

"பூசை முடிஞ்சதும் ஃபாதர் உன்னைத்தான் பேசக் கூப்பிடுவாரு."

"தெரியும் அத்தை."

"நீளமா வேணாம். கடைசியா அவ என்ன சொன்னா, அது மட்டும் சொல்லு. நீதானே கூட இருந்தே. எனக்கு அது தெரியணும் கால்வின்."

"சரி அத்தை."

ஒரு வருஷமாகக் கேட்காதவர் இப்போது கேட்டார். ஆட்ரி கடைசியாகச் சொன்னது பீடத்தின் பக்கத்தில் நின்று சொல்லுகிற ரகம் இல்லை. அதனால் கால்வின் வேறொன்று தயார் செய்தான். 'அம்மாவை நல்லா பாத்துக்குங்க.' நல்ல வாக்கியம். யாருக்கும் நஷ்டமில்லை. சுபாங் ஜெயா ஸ்டேஷன் வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அது வேறு யாருடைய மனைவியோ சொன்னது போல இருந்தது.

கோலாலம்பூர் பழைய ஸ்டேஷனில் இறங்கிப் பாசார் செனி பக்கமாக நடந்தார்கள். முதலில் தண்ணீர் நிரப்பிய ஆரஞ்சு நிறத் தடுப்புகள். அங்கே நின்ற போலீஸ்காரர்கள் இவர்களைப் பார்த்து, பேரணிக்கு வந்தவர்களோடு சேர்த்து ஒரே பக்கமாக அனுப்பினார்கள். கொஞ்ச தூரத்தில் முன்னாலும் பின்னாலும் கூட்டம். முன்னே, புடுவுக்குப் போகும் ரோட்டின் குறுக்கே, இடுப்புயர இரும்பு பேரியர் வரிசை. அதற்கப்பால் கேடயம் பிடித்த கலகத் தடுப்புப் போலீஸ், அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சிவப்பு லோரி.

ரயன் பேரியர் அருகே நின்ற இளம் போலீஸ்காரரிடம் மலாயில் பேசிப் பார்த்தான். கோயிலுக்குப் போகிறோம் என்றான். போலீஸ்காரர் எல்லாச் சட்டைகளிலும் இருந்த முஷ்டியைப் பார்த்தார். நான் மட்டும் பிக்னிக்குக்கா வந்தேன் என்று கேட்டார்.

"பேசாம சட்டையைக் கழட்டிட்டுப் போவோம் லா," என்றார் கிரிகரி அங்கிள், செசிலியாவின் அண்ணன்.

"உன் தொப்பையைப் பார்த்தா தண்ணி அடிக்காத போலீஸ்கூட அடிப்பான். சும்மா இருண்ணே," என்றார் செசிலியா.

தலையில் முக்காடு கட்டிய ஒரு மாணவி, கையில் ஒலிபெருக்கியோடு ரயனிடம் வந்தாள். சட்டையில் இருப்பது யார் என்று மலாயில் கேட்டாள்.

"என் அக்கா," என்றான் ரயன்.

"இப்போது எங்கே?"

"செத்துட்டாங்க."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. செத்துப்போன ஓர் இந்தியப் பெண், ஓங்கிய கை, மறக்க மாட்டோம் என்று ஒரு வரி. லாக்கப் சாவுகள் பழகிப்போன இந்த ஊரில் இந்த மூன்றும் சேர்ந்தால் மிச்சத்தைக் கேட்பது மரியாதை இல்லை. அவள் ரயனின் தோளைத் தொட்டுவிட்டு ஒலிபெருக்கியை உயர்த்தினாள். ஆட்ரிக்கு நீதி வேண்டும் என்று மலாயில் கத்தினாள். பின்னால் இருந்தவர்கள் வாங்கிக் கத்தினார்கள். எந்த லாக்கப்பில் வைத்து அடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். அரிசி விலை, எண்ணெய் விலை எல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. கூட்டம் முன்னே தள்ள, பேரியர் சாய்ந்தது. செசிலியா அதன் மேல் வயிறு அழுந்த நின்றார். கேடயங்கள் ஓரடி நெருங்கின. லோரியின் குழாய் மெல்லத் திரும்பியது.

"தம்பி! இங்க வா." பேரியரின் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் கால்வினைக் கூப்பிட்டார். நெஞ்சில் வேலாயுதம் என்ற பெயர். "யாரு இந்தப் பொண்ணு? எந்த ஸ்டேஷன்ல நடந்துச்சு?"

"எந்த ஸ்டேஷன்லயும் இல்ல சார். டெங்கி. என் வைஃப்."

இன்ஸ்பெக்டர் அவன் நெஞ்சைப் பார்த்தார். "டெங்கிக்கா இப்படிக் கையைத் தூக்குறாங்க?"

"அது ரைஸ் குக்கர் சார்."

"என்ன?"

"லக்கி டிரா."

வேலாயுதம் கண்ணை மூடித் திறந்தார். "இங்க பாரு. இந்த பேரியர் விழுந்தா தண்ணி அடிச்சிருவாங்க. அப்புறம் நான் சொன்னாலும் நிக்காது. முன்னாடி நிக்கிறது உங்க அம்மாவா?"

"மாமியார்."

"நீ சொன்னா கேப்பாங்க. கூட்டத்தைப் பின்னுக்குப் போகச் சொல்லு. நான் ஒரு ஓரமா திறந்து உங்களை விடுறேன்."

அவனைக் கையைப் பிடித்து பேரியருக்கு மேலாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போலீஸ் ஒலிபெருக்கியை நீட்டினார். கால்வின் வாங்கினான். இது என் மனைவி, யாரும் அடிக்கவில்லை, டெங்கியில் இறந்தாள், தயவுசெய்து பின்னால் போங்கள் என்று மலாயில் சொன்னான். அவள் சாவைப் பற்றி அவன் நாலு பேர் முன்னால் வாய்திறந்தது அதுவே முதல் தடவை.

கூட்டம் பார்த்தது. போலீஸ் பக்கம் நிற்கிறான். போலீஸ் ஒலிபெருக்கி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"மிரட்டிப் பேச வைக்கிறானுங்க!" என்று தமிழில் ஒரு குரல். "பயப்படாதீங்க அண்ணே! நாங்க இருக்கோம்!"

பேரியர் இன்னும் சாய்ந்தது.

"என்ன தம்பி, எழுதிக் குடுத்ததைப் படிக்கிற மாதிரி பேசுற," என்றார் வேலாயுதம்.

"நான் எப்பவும் இப்படித்தான் சார்."

மாணவி கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினாள். அவளுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீங்கள் கணவர் என்றால் கடைசியாக அவர் என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள் என்றாள். முன்வரிசை அடங்கியது. செசிலியா பேரியர் கம்பியைப் பிடித்தபடி அவன் வாயையே பார்த்தார்.

"அம்மாவை..." என்று கால்வின் ஆரம்பித்தான். ஒலிபெருக்கியில் அது பெரிதாகப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவனுக்கே நம்ப முடியவில்லை.

"மறந்துட்டாரு, சொல்லிக் குடு சார்!" என்று எவனோ கத்தினான். சிலர் சிரித்தார்கள்.

கால்வின் செசிலியாவைப் பார்த்தான். ஒலிபெருக்கியை மறுபடி வாயருகே வைத்து, தமிழில், அவருக்கு மட்டும் சொல்வது போல, நடந்ததைச் சொன்னான். அன்று மத்தியானம் காய்ச்சல் விட்டிருந்தது. டாக்டர் இனிப் பயமில்லை என்றார். அவன் ராத்திரி முழுக்க விழித்திருந்தவன், நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். ஆட்ரி டிஷ்யூ பெட்டியை அவன் மேல் எறிந்து எழுப்பினாள். ஒன்று சொன்னாள். அவனும் சரி என்று போனான். குளித்து, அவளுக்கு மாற்றுடுப்பு எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஐ.சி.யூவில் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. அந்த ஒன்றையும், அவள் சொன்னபடியே, ஒரு சொல் மாற்றாமல் சொன்னான்.

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். மாணவி பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டாள். அவர் காதோரம் மொழிபெயர்த்தார். அவள் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கி, இப்படியெல்லாம் எழுதிக் கொடுக்கப் போலீசால் முடியாது என்றாள். பிறகு பின்னால் திரும்பி, பின்வாங்குங்கள், குடும்பத்துக்கு வழி விடுங்கள் என்று கத்தினாள். பேரியர் மெல்ல நிமிர்ந்தது. வேலாயுதம் ஓரத்தில் ஒன்றை நகர்த்தினார். கடைசியாகத் தாண்டியவர் செசிலியா. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கால்வினுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்மை அப்பம் வாங்கும் வரிசையே முடிந்திருந்தது. ஃபாதர் கறுப்புச் சட்டைகளைப் பார்த்து ஒரு கணம் தயங்கிவிட்டு, மைக்கைக் காட்டினார். கால்வின் போய் நின்றான். அம்மாவை நல்லா பாத்துக்குங்க என்ற வாக்கியம் இன்னும் கையிருப்பில் இருந்தது.

முன்பெஞ்சிலிருந்து செசிலியா, மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்கும்படி, "அங்க சொன்னதையே சொல்லு. மாத்தாதே," என்றார்.

கால்வின் மைக்கைக் கொஞ்சம் தணித்துக்கொண்டான். ஆட்ரி கடைசியாகச் சொன்னது இது.

"கால்வின், நீ விடுற குறட்டைல பக்கத்து பெட் ஆன்டிக்கு டிரிப்ஸே இறங்க மாட்டேங்குதாம். எந்திரிச்சு வீட்டுக்குப் போ லா."