கணவர் உண்டா?

வதனிக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீபோர்ட்டை எடுத்துச் சுவரில் அடித்திருப்பாள். தொண்டு நிறுவனத்தின் சொத்து என்பதால் அது தப்பியது.

சுனாமியில் வீடிழந்தவர்களைப் பதியும் இணையத்தளம் அவள் செய்ததுதான். மட்டக்களப்பு டவுனில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். 'கணவர் உண்டு' என்று குத்தினால், மனைவியின் பெயர் எழுதும் பெட்டி சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். கட்டப்போகும் வீடு கணவன் பெயருக்குப் போய்விடும். கொழும்பிலிருந்து அப்படிச் சொன்னார்கள், மேலாளர் குலேந்திரன் தலையாட்டினார், வதனியும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தாள்.

இப்போது நாவலடியில் வீடிழந்த அன்னப்பூரணி வந்து வதனியின் எதிரே நிற்கிறாள், பக்கத்தில் புருஷன் அழகரத்தினம்.

"அது என்ட அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. என்ட வீட்டுல இவர் இருந்தவர், இவர்ர வீட்டுல நான் இருக்கல்ல. இனிக் கட்டுறத நான் மகளுக்குக் குடுக்கோணும். இவர்ர பேர்ல எழுதினா எப்பிடிக் குடுக்கிற?"

"ஓம் புள்ள," என்றார் அழகரத்தினம். "என்ட பேர்ல எழுதினா ஊருக்குள்ள எந்த முகத்தோட நடக்கிற?"

வீடு எனக்கு வேண்டாமென்று ஒரு ஆண்பிள்ளை வந்து மல்லுக்கட்டுகிறான். இங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கொழும்புக்காரனுக்குத் தெரியாது, போகட்டும். இங்கேயே, களுவாஞ்சிக்குடியில் பிறந்து வளர்ந்த குலேந்திரனுக்குமா தெரியாது?

அவரோ கதவடியில் நின்று சாவதானமாகச் சொன்னார்: "நாங்க என்ன செய்ற அம்மா? கொம்பியூட்டர் எடுக்குதில்ல."

வதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொம்பியூட்டருக்கு என்ன தெரியும்? பூட்டச் சொன்னது அவள் எழுதிய நாலைந்து வரி. அவற்றைத் திறந்தாள், அழித்தாள், தளத்தில் ஏற்றினாள். பெட்டி வெள்ளையாகித் திறந்துகொண்டது.

"யாரைக் கேட்டு மாத்தின நீ? கொழும்புக்குத் தெரிஞ்சா உனக்கு வேலை இருக்காது!"

"போனாப் போகட்டும் சேர். நீங்க இருக்கிற வீடு யார்ர பேர்ல?"

குலேந்திரன் வெளியே திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற சனம் முழுக்க அவரையே பார்த்தது.

"சொல்லுங்க சேர்."

"என்ட மனிசிட பேர்ல."

"அவக்கு யாரு குடுத்த?"

"அவட அம்மா," என்றார், சத்தம் வெளியே வராமல்.

வதனி கீபோர்ட்டின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்கட பேரைச் சொல்லுங்க. சேர், நீங்க போய், இதுக்கு முதல் பதிஞ்ச பொம்பிளையள் எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க."