நிலக்கரி அடுப்புக்கு ஓர் உறுதிக் கடிதம்

பூண்டு விவசாயிகள் சங்கத் தலைவர் சேனாதிபதி, இருந்த ஒரே நாற்காலியில். நிலக்கரி அடுப்பு விற்கும் ஆயக்குடி சண்முகராஜ் அவருக்கு வலப்பக்கம், பூண்டு மூட்டைமேல். உறுப்பினர்கள் பதினொரு பேர் தார்ப்பாயில். புகையறை வேலை பார்க்கும் கந்தம்மாள் வாசலோரம், காற்றுப் படும் இடமாக. செயலாளர் சுந்தராம்பாள் சன்னலடியில், மடியில் நோட்டோடு. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதாமல் அவள் எந்தக் கூட்டக் குறிப்பையும் தொடங்கியதில்லை.

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு அடியில் விறகுப் புகை போடுவார்கள். அப்போதுதான் விதைப்பூண்டு கெடாமல் நிற்கும். இப்போது விறகுக்குத்தான் பெரும்பாடு. அதனால் சங்கம் நிலக்கரி அடுப்புக்கு அரசு மானியம் கேட்டிருந்தது. சோதனையில் குறை ஏதும் இல்லை, எல்லாருக்கும் சம்மதம் என்று ஒரு கடிதம் போனால் அடுப்பு வந்துவிடும்.

சோதனை போன வியாழக்கிழமை நடந்தது. ஒரு கூடை கரி பகல் முழுக்க நின்று எரிந்தது. சூடு குறையவில்லை, ஊதிவிட ஆள் வேண்டியிருக்கவில்லை. விறகு சுமந்து தோள் காய்த்துப்போன சுந்தராம்பாளுக்கே ஆசை வந்துவிட்டது. ஆனால் கந்தம்மாள், புகை வீணாகக் கூடாதென்று வழக்கம்போல புகையறையின் மேல்சன்னலைச் சாக்கால் அடைத்திருந்தாள். மத்தியானம் உள்ளே போனவளைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

அது அடுப்பின் குறை இல்லை, அடைத்தவர் குறை என்றார் சண்முகராஜ்.

"வெறகுக்கு அடைக்கிற மாதிரித்தான அடைச்சேன்," என்றாள் கந்தம்மாள். "கரிக்கு அடைக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா? அடுப்பத் தொடச்சுத் தொடச்சுக் காட்டத்தான் நேரமிருந்துச்சு."

தார்ப்பாயில் சிரிப்பு எழுந்து அடங்கியது. விழுந்ததை எழுதினால் மானியம் போய்விடும், அப்புறம் பழையபடி காட்டுக்கு நடக்க வேண்டியதுதான் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சேனாதிபதி தொண்டையைச் செருமினார்.

"சுந்தராம்பா, எல்லாருக்கும் சம்மதம், குறை இல்லைன்னு வெரசா எழுது. ஆளுக்கு ஆயிரம் சோலி கெடக்கு."

சுந்தராம்பாள் பேனாவைத் திறக்கவில்லை. எழுதாமல் விட்டால் அடுத்த போகத்தில் இன்னொருத்தி சாக்கைச் செருகுவாள். அவள் எழுந்து வருவாள் என்பதற்கு யார் ஜவாப்?

"நல்லதையும் எழுதுவேங்க. இவ விழுந்ததையும் எழுதுவேன்."

"அப்ப முத்திரைய வச்சிட்டுப் போ. வேற செயலாளர் பாத்துக்குறோம்."

"நாளைக்குப் பாத்துக்கோங்க. இன்னிக்கு நான்தான்."

எல்லாரும் பார்க்க அங்கேயே எழுதினாள். ஒன்று: கரி நின்று எரிகிறது, பெண்களுக்கு விறகுச் சுமை இல்லை, காட்டு மரம் தப்புகிறது. இரண்டு: கந்தகம்போல நெடி அடிக்கிறது, பூண்டிலும் ஏறுகிறது, சாம்பல் கொட்ட இடமில்லை, அடைத்த அறையில் ஆளைச் சாய்க்கிறது. கந்தம்மாள், வயது நாற்பத்தாறு, சாய்ந்தார். மூன்று: கூரைக்குமேல் போகும் புகைக்குழாயும், மூட முடியாத சன்னலும் இல்லாமல் இந்த அடுப்பு எங்களுக்கு வேண்டாம். எல்லாருக்கும் சம்மதம் இல்லை.

உரக்கப் படித்துக் காட்டினாள். கந்தம்மாள் எழுந்து வந்து முதல் கையெழுத்துப் போட்டாள். பின்னால் நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேனாதிபதி வெளியே போய்விட்டார். கையெழுத்துப் போடாதவர்கள் பெயரையும், அவர் எழுந்து போன நேரத்தையும் சுந்தராம்பாள் அடியில் குறித்தாள்.

தபாலாபீஸில் உறையின் ஓரத்தைப் பசை தடவி நகத்தால் அழுத்தி ஒட்டினாள். பதிவுத் தபால் என்றாள். கவுண்டரில் இருந்த புவனா முத்திரை குத்தி, சாக்குப்பையில் போட்டு வாயைக் கட்டினாள். கொடைக்கானல் பஸ் பையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.