தாம்பூலப் பையில் அச்சான ரெவல்ரி

எலவனாசூர்கோட்டை பிலிப்பு வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பை வாங்கியவர்கள் எல்லாரும் தரைக்கு ஒரு சாண் மேலே நடந்துதான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சித்திரை வெயிலில் கால் சுடாமல் போனது வசதியாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். பை அச்சுக்குப் போவதற்கு முன்பு பிலிப்புவும் மகள் அனிட்டாவும் பேசிய பேச்சு அப்புறம்தான் வீட்டில் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பிலிப்பு சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிறவர். அனிட்டா கள்ளக்குறிச்சியில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாள்.

“தியாகதுருகத்துப் பங்காளி அவன் வூட்டுப் பையில ‘வெல்கம்’னு போட்டுகினான். உங்க அண்ணன் டேவிட் கல்யாணத்துக்கு அத்தவிட வெயிட்டா ஒரு வார்த்தை சொல்லு.”

“ரெவல்ரி.”

“அப்டின்னா இன்னா?”

“நாலு பேரு கூடிக்கினு, ஆடிக்கினு, தின்னுக்கினு, சத்தம் போட்டு சந்தோஷமா இருக்கறதுப்பா. ஒண்டியா பண்ண முடியாது.”

“கெட்ட வார்த்தை இல்லியே? எங்கேர்ந்து வந்துது?”

“மொதல்ல லத்தீன்ல. அங்க அதுக்கு எதிர்த்து நிக்கறதுன்னு அர்த்தம், கலகம். பிரெஞ்சுக்காரங்க கிட்ட போயி கூச்சல் கும்மாளம்னு ஆயிடுச்சி. அப்புறம் இங்கிலீஷ்காரன் எடுத்துக்கினான்.”

“லத்தீனா? அது கோயில் பாஷையாச்சே. பெருசா போடச் சொல்லு.”

இப்படித்தான் பையில் மணமக்கள் பெயர் எறும்பு அளவிலும் ரெவல்ரி யானை அளவிலும் அச்சாயின. பக்கத்து அறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அனிட்டாவின் அம்மா ஆனந்தமேரிக்கு, எதிர்த்து நிற்பது என்ற இடத்தில் மட்டும் கத்தி கொஞ்சம் நின்றது. பிலிப்புவிடம் கேட்க வேண்டும் என்று அவள் கல்யாணமான நாளிலிருந்து ஒன்றை வைத்திருந்தாள். அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வீட்டுப் பெண்கள் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். அதற்குள் சோறு ஆறிப்போகும், கறி போய் எலும்பு நிற்கும், புருஷன்மார்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு தடவை முதல் பந்தியில், பிலிப்பு பக்கத்தில் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட வேண்டும். அனிட்டா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்திலும் வீடு குடிபோன விருந்திலும் அந்த ஆசை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டு தடவையும் யாரோ ரசம் கேட்டார்கள்.

கல்யாணப் பையை யாரும் தூக்கி எறிவதில்லை என்பதால் ரெவல்ரி வேகமாகப் பரவியது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் கும்மியடித்தபடியே பாமாயில் வாங்கினார்கள். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியவர்கள் பஸ் போன பிறகும் தொங்கினார்கள். கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு இந்த ஊர்ப் பக்கம் கால் தள்ளாடுகிறவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. அதனால் போலீஸார் உடனே வந்து ஊதச் சொன்னார்கள். ஊதியதில் ஒன்றும் காட்டவில்லை, புல்லாங்குழல் சத்தம் மட்டும் வந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் பச்சமுத்துவின் ஆடு ஒரு பையை முழுசாகத் தின்றுவிட்டுப் பலாமர உச்சியில் போய் நின்றது. பால் கறக்கிற நேரத்துக்கு மட்டும் அதுவாகவே இறங்கி வந்தது, பால் ஒரு சொட்டும் குறையவில்லை.

வார்த்தையும் தக்காளி விலை மாதிரி எல்லார் வாயிலும் புழங்கியது. “எங்க வூட்ல நேத்து ரெவல்ரி ஜாஸ்தி, ரெண்டு ஓடு போச்சி” என்றார் எதிர்வீட்டுத் தெய்வசிகாமணி. “மழ நாள்ல கொஞ்சம் கம்மியா கீது” என்றாள் கொளஞ்சியம்மாள். பயன்பாடு தவறு என்று திருத்த அனிட்டாவின் பேராசிரியர் ஒருவர் வந்தார். அவரிடமும் ஒரு பையைக் கொடுத்தார்கள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் போனார்.

பிலிப்பு வீட்டில் மட்டும் எல்லார் காலும் தரையிலேயே இருந்தது. விசேஷம் செய்த வீட்டார் தங்கள் தாம்பூலத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வதில்லை, மிச்சமும் விழவில்லை. அடுத்த வருஷம் டேவிட் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. ஊரே அந்தப் பையில்தான் பழமும் குழந்தைச் சட்டையும் கொண்டுவந்தது. வாசலில் நின்று ஒவ்வொரு பையாக வாங்கிய பிலிப்பு முதல் தடவையாக மேலே எழும்பினார். “சில்லுனு கீது” என்றார். பைகள் எல்லாம் ஒரே பந்தலில் சேர்ந்ததில் ரெவல்ரி மொத்தமாகப் பொங்கி, முதல் பந்தி மேசை, இலை, தண்ணீர் பாட்டிலோடு வேப்பமர உயரத்துக்குப் போய்விட்டது. காத்திருந்த அடுத்த பந்திக்காரர்களும் அங்கேயே போய் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆனந்தமேரியும் மற்றப் பெண்களும் முதலில் முக்காலி போட்டுப் பரிமாறினார்கள், பிறகு ஏணி கொண்டுவந்தார்கள். மேலே பாட்டு ஓயவில்லை. பாடினால் பசிக்கிறது, தின்றால் பாட்டு வருகிறது. பிரியாணி அண்டாவில் கரண்டி அடி தட்டிய சத்தம் கேட்டு ஆனந்தமேரி எட்டிப் பார்த்தாள்.

“எப்ப எழுந்திருப்பாங்க?” என்றாள் மகளிடம்.

“இது தானா முடியற வார்த்தை இல்லம்மா. கடைசிப் பந்தின்னு ஒண்ணு இனிமே வராது” என்றாள் அனிட்டா.

“மேரி, இந்தப் பக்கம் தயிர் வெங்காயம்” என்று மேலேயிருந்து பிலிப்புவின் குரல் வந்தது.

ஆனந்தமேரி வாளியைத் தரையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் கையில் எந்தப் பையும் இல்லை. இருந்தாலும் வாளியை வைத்த இடத்திலிருந்து குதிகால் கிளம்பியது, அப்புறம் விரல்கள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஏணியில் நின்றிருந்த மருமகளைத் தாண்டி, அவள் நிதானமாக மேலே போனாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. மலையிலிருந்து வந்திருந்த பச்சமுத்து, அவள் வருகிற வழியில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் நகர்த்தி வைத்தார். வாயில் எலும்போடு பிலிப்பு நிமிர்ந்து பார்த்து, “வாளி எங்க?” என்றார்.

“கீழ கீது” என்றாள் ஆனந்தமேரி. “ஏங்க, மொதப் பந்தியில உங்க பக்கத்துல குந்திக்கினு சூடா சாப்பிடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. தள்ளிக் குந்துங்க. எனக்கும் ஒரு இலை போடுங்க.”