வலது ஓரத்தில் நண்டு

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. எண்ணூர் பக்கம் போகும் ரயிலில், எதிர் இருக்கைப் பெண் ஒருத்தி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தது. பாதிக் கதையில் திருவொற்றியூர் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். அப்புறம் என்ன ஆனது என்று கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க எனக்கு வாய் வராது. மீதியை மூன்று வாரமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "கடலோரத்தில் பிறந்த கார்குழலிக்குத் தோல்வி புதிதல்ல." வேண்டாம். ரயிலில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இரண்டாவது: "நிலக்கரித் தூசி படிந்த ஜன்னலுக்கு வெளியே" என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். ஜன்னலைத் துடைத்தால் போயிற்று.

மூன்றாவது கீழே.

2

ஒவ்வொரு வீடியோ கேமுக்கும் ஒரு செல்ல முகம் உண்டு. ஒன்றில் கண்ணாடி போட்ட தவளை, இன்னொன்றில் குடை பிடித்த நரி, வேறொன்றில் தோசை சுடும் ரோபோ. அவரவர் கேமில் அவரவர் ராஜா. எல்லோரையும் ஒரே மேடையில் இறக்கி அடித்துக்கொள்ள விட்டால் எப்படி இருக்கும் என்று யாருக்கோ தோன்றி, ஒரு கேம் வந்தது. மேடையிலிருந்து கீழே விழுந்தால் ஓர் உயிர் போய்விடும். மூன்று போனால் ஆட்டம் முடிந்தது. அதற்கு நீளமான பெயர் உண்டு. ராயபுரத்தில் 'கும்பல்' என்பார்கள்.

சௌக்கத் அலி பாயின் கேம் கடையில் ஞாயிறுதோறும் கும்பல் ஆடுவாள் கார்குழலி. சுவரோர இருக்கையில்தான் உட்காருவாள். அங்கே யாரும் இடிக்க மாட்டார்கள். எடுப்பது எப்போதும் நண்டு. சும்மா நிறுத்தினாலும் அந்த நண்டு இடப்பக்கம் நகரும். நண்டு பக்கவாட்டில்தானே போகும், காசிமேட்டு மீன் சந்தையில் பார்க்காததா? கேம் செய்தவர்கள் விவரமானவர்கள் என்று நினைத்தாள். அது நிற்க வேண்டுமென்றால் கையிலிருக்கும் கன்ட்ரோலரின் குச்சியைக் கட்டைவிரலால் வலப்பக்கம் லேசாக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்கினாள். மூன்று வருடம்.

மற்ற நாட்களில் எண்ணூர்ப் பக்கம் ஒரு லேபில் நிலக்கரிச் சாம்பலை எடை போடுகிறாள். காலை ஆறு மணி ஷிப்ட். நான்கு மணிக்கு எழ வேண்டும்.*

* இங்கே அந்த லேபின் தராசைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நானும் வேதியியல் படித்தவள். தராசு கிடைத்தால் பெரிய விஷயம் பேச ஆசை வந்துவிடுகிறது.

3

கடையிலிருந்தே ஆன்லைனில் ஆடி, கார்குழலி சென்னைப் போட்டியின் கடைசி எட்டுப் பேரில் ஒருத்தியாகிவிட்டாள். இனி நேரில், ஊரின் தென்கோடியில் ஒரு மாலில். ஓர் எதிராளியை ஜெயித்தால் கடைசி நால்வர். அந்த நால்வருக்கும் ஒரு கேம் கம்பெனியில் வேலைக்கு இன்டர்வியூ. கேமில் இருக்கும் குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. சாம்பலைவிட்டு வெளியே வர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

(அவளை ரொம்பப் பாவமாக எழுதுகிறேனோ? ரயில்காரி அப்படிச் சொல்லவில்லை. "லூசுடி அவ" என்றுதான் சொன்னாள். அந்த ரயில்காரிக்கு அனம் என்று பெயர் வைத்து, வண்ணாரப்பேட்டையில் குடிவைத்து, கார்குழலிக்குத் துணையாக மாலுக்கு அனுப்பியிருக்கிறேன்.)

எதிராளி நரியை ஆடுபவன். மூன்று சுற்று. முதல் சுற்றில், மாலில் கொடுத்த புதுக் குச்சியில், நண்டு மூன்று முறையும் வலப்பக்கம் தானாக நடந்து போய்க் கீழே விழுந்தது.

"இன்னாடி இது? அவன் கையே வெக்கல. நீயா போய் வுய்ந்துகினு கீற" என்றாள் அனம்.

"நான் நிக்கத்தான் பாத்தேன்."

"இதான் நிக்கிறதா? நல்லா நின்ன போ."

அனம் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"செவுத்தோர சீட்லதான குந்துவ?" என்றார் சௌக்கத் அலி. "அந்தக் குச்சி லெப்ட்ல இழுக்கும்மா. பேஜார் புடிச்சது."

"நண்டு அப்டித்தான் போவும்னு நெனச்சேன் பாய்."



"அதுல நரிய வுட்டாலும் அப்டித்தாம்மா போவும். வேற எவனும் அங்க குந்தமாட்டான். நீ குந்தின, ஒண்ணும் சொல்லல. புடிச்சிருக்கு போலன்னு வுட்டுட்டேன். இரு, எடுத்துனு வரேன்."

"மூணு வருசம்டி!" என்று அனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கார்குழலி சிரிக்கவில்லை. தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

இரண்டாவது சுற்றில் அவள் எங்கேயும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தால் விரலுக்குச் சாய நேரமில்லை. ஜெயித்தாள். முடிந்தபோது மூச்சு வாங்கியது. உட்கார்ந்துதான் ஆடினாள்.

இங்கேதான் திருவொற்றியூர் வந்தது.

4

முடிவு அ: பாய் ஸ்கூட்டரில் பறந்து வந்து பழைய குச்சியைக் கையில் கொடுக்கிறார். அழகாக இருக்கும். ஆனால் கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி அங்கே வர ஒன்றரை மணி நேரம். இடைவேளை ஐந்து நிமிடம்.

முடிவு ஆ: மறுபடி நிற்காமல் ஓடி ஜெயிக்கிறாள். இதை எழுதி முடித்துவிட்டேன், இரண்டு பக்கம். படித்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை. நரிக்காரன் அந்த வித்தையைப் பார்த்துவிட்டான். அவளும் நான்கு மணிக்கு எழுகிறவள். இன்னும் ஓடு என்று சொல்ல எனக்கே சோர்வாக இருக்கிறது.

முடிவு இ: கடைசிச் சுற்றுக்கு முன் கை பழக இரண்டு நிமிடம் தருகிறார்கள். நரிக்காரன் போனை நோண்டுகிறான். கார்குழலி வெறும் மேடையில் நண்டை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்க் குச்சியை விடுகிறாள். நண்டு விழுகிறது.

"வெரல எடுடி" என்கிறாள் அனம்.

"எடுத்துட்டேன்."

"எங்க எடுத்த? அமுக்கிகினே கீற பாரு."

குனிந்து பார்க்கிறாள். அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மறுபடி. விழுகிறது. மூன்றாவது தடவை ஒரு கால் வெளியே தொங்க, நிற்கிறது. நான்காவது தடவை விழுகிறது.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்தாவது தடவைக்கு நண்டு ஓரத்தில் வந்து நிற்கிறது. விரல் இன்னும் குச்சிமேல். இதற்குமேல் நான் எழுதினால், அவள் ஜெயிக்கட்டும் என்று என் விரலும் சேர்ந்து ஒரு பக்கம் அமுக்கும். மூன்று வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நான் கையை எடுத்துவிட்டேன். நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அமுக்காமல்.