மாடி போர்ஷன், சைவம் மட்டும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. இணைய இதழ் நடத்தும் என் நண்பன் சிவகுமார், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் குடும்பத்தோடு சாப்பிடத் தோதான அசைவ ஓட்டல்களைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டான். “டாப் டென் மாதிரி வேணும். ஒவ்வொண்ணுக்கும் ஸ்டார் போட்ரு. இலக்கியம் பண்ணாத மச்சான்” என்றான். ஓசியில் சாப்பாடு கிடைக்குமே என்று ஒத்துக்கொண்டேன். கிடைக்கவில்லை. அந்த எரிச்சலும் இதில் கலந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘கேம்ப் ரோட்டின் மாலை வெளிச்சத்தில் கரித்துண்டுகள் செந்நிறமாய்க் கனன்று—’

சீ. கேம்ப் ரோட்டில் மாலை வெளிச்சத்தைக் கண்டவன் யார்? முன்னால் நிற்கிற பஸ்ஸின் முதுகுதான் தெரியும்.

‘உணவு என்பது ஒரு சமூகத்தின்—’

இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.

‘கஸ்தூரிரங்கன் கோழிக்காலைக் கடித்த நேரத்தில் அவருடைய பெயர் மைக்கில் ஒலித்தது.’

இது பரவாயில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஓட்டலைச் சொல்லியாக வேண்டும்.

2

ஓட்டலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் ஒன்றுதான், எல்லாப் பெயரிலும் ஒரு ‘கிரில்’லோ ‘ஸ்மோக்’கோ இருக்கும். கறியைக் கரியில் சுட்டுத் தட்டில் போடுவதற்கு எத்தனை அலப்பறை! வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஒட்டகம். ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே பூசாத செங்கல் சுவர். எங்கள் தெருவில் அப்படி ஒரு சுவர் இருந்தால், பாவம், காசில்லாமல் பாதியில் நின்ற வீடு என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் ஆம்பியன்ஸ்.

பொங்கல் கழிந்த ஞாயிறு, மதியம். நானும் மனைவி ஸ்ரீவித்யாவும் போயிருந்தோம். ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் காவலாளி வந்துவிட்டார்.

“இன்னா சார், குறுக்க வுட்டுகினு போற? ஓரமா போடு சார். காலைலேர்ந்து ஒரே பேஜாரா கீது.”

அந்த ஓட்டலில் அன்று நான் கேட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அது. கதவருகே கையில் டேப்லட் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

“சார், எனி அக்கேஷன்? பர்த்டே, ஆனிவர்சரி?”

“பசி” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்ரீவித்யா என் முழங்கையைக் கிள்ளினாள்.

[* இந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். பிறந்தநாள் என்று சொன்னால் கேக் இலவசம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தென்சென்னையில் பாதிப்பேர் புதிதாகப் பிறக்கிறார்கள். விளக்கை அணைத்துப் பாட்டுப் போட்டு, சிப்பந்திகள் தட்டைத் தட்டிக்கொண்டு வந்து, மைக்கில் பெயரைச் சொல்லிக் காகிதக் கிரீடம் வைப்பார்கள். கிரீடம் வைத்துக்கொண்டவர்கள் தங்கள் கல்யாணத்தில்கூட இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க மாட்டார்கள்.]

உள்ளே, மயோனைஸில் முக்கிய கோழியைப் படம்பிடித்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்கள். பக்கத்து மேசைக் குடும்பத்தில் நால்வரும் நாலு போனில் இருந்தார்கள். அரபிச் சாப்பாடாம். அரபிக்காரன் பார்த்தால் அழுவான்.

3

இப்போது ஆட்களைக் கொண்டுவர வேண்டும். அதிகம் பேர் இல்லை, பயப்படாதீர்கள்.

எங்கள் தெரு சேலையூரில். எங்களுக்கு எதிர்வீடு கஸ்தூரிரங்கனுடையது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். கேட்டில் ஒரு போர்டு தொங்கும்: ‘மாடி போர்ஷன் வாடகைக்கு. சைவம் மட்டும்.’ ஆள் வந்த பிறகு ‘வாடகைக்கு’ என்பதன்மேல் மட்டும் காகிதம் ஒட்டினார். மிச்சம் அப்படியே தொங்குகிறது, வந்தவர்கள் மறந்துவிடக் கூடாதே.

(என்ன சாதி என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். கேட்டுப் பழகிய வாய். சொல்ல மாட்டேன். இந்த போர்டை எல்லாச் சாதிக்காரர்கள் கேட்டிலும் பார்த்திருக்கிறேன்.)

மாடிக்கு வந்தவர்கள் தயாளனும் ஈவ்லினும். தயாளனுக்குத் தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. ஈவ்லின் கணக்கு டீச்சர். அவள் வேலை பார்க்கும் பள்ளி நடந்து போகிற தூரம், மகள் பியூலாவும் அங்கேதான் படிக்கிறாள், இந்த வருஷம் பத்தாவது. அந்தப் பள்ளிக்காகத்தான் இந்த வீடு. கிறிஸ்தவக் குடும்பம், அசைவம் சாப்பிடுகிறவர்கள். முட்டைகூட வேகாது என்று வாக்குக் கொடுத்துக் குடிவந்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள், அதுதான் அவர்கள் செய்த தப்பு. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் நேராக ஓட்டல். ஈவ்லின் ஒருநாள் ஸ்ரீவித்யாவிடம் சொன்னாள்:

“ஓட்டல் கறியெல்லாம் எனக்கு வெறுத்துப்போச்சுக்கா. என் அடுப்புல ஒருநாள் மீன் கொதிக்கணும். அவ்வளவுதான் ஆசை.”

சரி, கீழ்வீட்டு அம்மாள். கஸ்தூரிரங்கனின் மனைவி ஞானாம்பாள். மாதத்தில் ஏதோ ஒரு ஞாயிறு சாயங்காலம் மாடிப்படி ஏறுவாள். படி வீட்டுக்கு வெளியே இருப்பதால் எல்லாம் எங்கள் பால்கனிக்குக் கேட்கும்.

“ஈவ்லின், கறி வாசனை வருதே?”

“இல்லையே ஆன்ட்டி. சாம்பார்தான். வந்து பாருங்க.”

பிறகு பாத்திரங்கள் திறந்து மூடும் சத்தம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற ஒரு பெண், சொந்தச் சமையலறையில் மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் எழுத்தாளன், பால்கனியில் நின்று பற்றிக்கொண்டு வருவதோடு சரி.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. ஈவ்லின் இவ்வளவு பொறுத்துப்போவாளா, நம்பும்படி இருக்கிறதா என்று ஸ்ரீவித்யாவிடம் கேட்டேன். “நீங்க பொறந்ததுலேர்ந்து சொந்த வீட்ல இருக்கீங்க. உங்களுக்கு நம்ப முடியாதுதான்” என்று எழுந்து போய்விட்டாள். அதனால் ஈவ்லினை மாற்றவில்லை.

4

அந்த ஞாயிறு தயாளன் குடும்பமும் அதே ஓட்டலுக்கு வந்திருந்தது. தூரத்து மேசை. கைகாட்டினார்கள், நாங்களும் காட்டினோம்.

திடீரென்று விளக்கு அணைந்தது. தட்டுச் சத்தம். மைக்கில் ஒருவன் கத்தினான்:

“ஹேப்பி பர்த்டே டு மிஸ்டர் கஸ்தூரிரங்கன் சார்!”

நான் வாயில் வைத்ததை விழுங்கவில்லை.

மூலையில் கஸ்தூரிரங்கன். பக்கத்தில் மகன் ஷ்யாம்சுந்தர், சிறுசேரியில் ஐ.டி. வேலை. வாசலில் அக்கேஷன் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஓசிக் கேக்குக்கு ஆசைப்பட்டு இந்தப் பிள்ளை, அப்பாவுக்குப் பிறந்தநாள் என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். இவர்கள் இங்கே வருவதே வீட்டுக்குத் தெரியாது. அது நினைவில்லையா, தடியா? மார்கழி முழுக்கத் தெரு பஜனையில் முன்வரிசையில் ஜால்ரா தட்டிய மனிதர் அப்பா. தை பிறந்தது, வழி பிறந்துவிட்டது.

ஆனாலும் அவர் தப்பித்திருக்கலாம். இருட்டு, கூட்டம். எங்களைப் போல் தயாளனும் குனிந்துகொண்டிருந்தால் போதும். இங்கேதான் பழக்கம் காலை வாரியது. அவர்கள் சபையில் ஆராதனை முடிவில் பிறந்தநாள்காரர்களை முன்னால் அழைப்பார்கள். பெயர் சொன்னதும் சபையே எழுந்து கைதட்டிப் பாடும், பிறகு எல்லோரும் கைகொடுப்பார்கள். அரைமணி நேரம் முன்புதான் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். உடம்பு இன்னும் கோயிலில் இருந்தது. பிறந்தநாள் என்ற சொல் காதில் விழுந்ததும் மூவரும் எழுந்துவிட்டார்கள். பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஈவ்லின் கைதட்டிப் பாடினாள். தயாளன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தார்.

விளக்கு எரிந்தது.

காகிதக் கிரீடத்தோடு வீட்டுக்காரர். வலது கையில் கோழிக்கால். நீட்டிய கைகளைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் இடது கையைக் கொடுத்தார்.

“மஷ்ரூம்” என்றார் கஸ்தூரிரங்கன். “இது மஷ்ரூம், தயாளன்.”

எலும்பு வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது.

தயாளன் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் இந்த ஊரில் பாதி நாசம்.

“ஆமா சார்” என்றார். “இங்க மஷ்ரூம் நல்லாருக்கும்.”

கேலி செய்திருந்தால்கூட வீடு தப்பியிருக்கும். இரண்டு பேரும் சிரித்து முடித்திருப்பார்கள். தன் பொய்யை மரியாதையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்ட ஒருவனைத் தலைக்குமேல் குடிவைத்துக்கொண்டு எந்த வீட்டுக்காரனுக்குத் தூக்கம் வரும்?

5

வரவில்லை. மறுநாள் சாயங்காலமே படியேறினார். இது தயாளன் டீக்கடையில் என்னிடம் சொன்னது.

“மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க தயாளன். உங்க ஆன்ட்டிக்கு அந்த வாசனை ஒத்துக்கல.”

“நாங்க வீட்ல கறி சமைக்கறதே இல்லையே சார்.”

“அவ நம்ப மாட்டேங்கறா. நான் என்ன பண்றது?”

“பாப்பாவுக்குப் பப்ளிக் எக்ஸாம் சார். மார்ச் வரைக்கும்...”

“பார்த்துக்குங்க.”

தரகர் முடிச்சூரில் ஒரு வீட்டைக் காட்டி, “வெள்ளத்தண்ணியெல்லாம் இப்ப வீட்டுக்குள்ள வர்றதில்ல சார்” என்றார். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார். கூடுவாஞ்சேரியில் கிடைத்தது, ஆனால் படிக்கிற பிள்ளை தினமும் ரயிலில் தொங்க வேண்டும். சேலையூரில் முதலில் பெயரைக் கேட்டார்கள், அடுத்து என்ன சாப்பிடுவீர்கள் என்றார்கள். பியூலா புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டு, படிக்க வேண்டியபோதெல்லாம் பெட்டியைப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

6

இனி முடிவு. கையிருப்பில் இருப்பவை:

(அ) தயாளன் மிரட்டுகிறார். ‘ஆன்ட்டிகிட்ட சொல்லட்டுமா சார்?’ வீட்டுக்காரர் காலில் விழுகிறார். சிவகுமாருக்கு இது பிடித்திருந்தது. “மாஸ்டா” என்றான். அதற்காகவே அடித்துவிட்டேன்.

(ஆ) கஸ்தூரிரங்கன் திருந்துகிறார். ஈவ்லின் குழம்பு வைக்கிறாள், எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கண்ணீர் மல்க— தூ. இப்படி எழுதிப் பரிசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கட்டும்.

(இ) குடும்பம் கூடுவாஞ்சேரிக்குப் போகிறது. மினி லாரியின் பின்னால் பியூலா திரும்பிப் பார்க்கிறாள், அவள் கண்களில்— [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நீங்களும் மனசுக்குள் முடிக்காதீர்கள்.]

(அ)வை நானே தயாளனிடம் யோசனையாகச் சொன்னேன், எழுத்தாளன் என்றால் ஊர்ச்சண்டைக்குத் திரி கிள்ள வேண்டாமா? அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்:

“வேணாம் சார். ஒருத்தன் தட்டுல என்ன இருக்குன்னு எட்டிப் பார்த்து சொல்றதா? அதைத்தானே இவங்க நமக்குப் பண்றாங்க.”

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எவன் கதைக்கு முடிவு எழுதுவது?

7

இதுவரை எழுதி வைத்திருந்தேன். இன்று ஞாயிறு, மாதத்தின் கடைசி ஞாயிறு. ‘ஆகவே, சிவகுமார், உன் ஐந்து நட்சத்திரங்களை—’ என்று தட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அது வந்தது. மீன் குழம்பு. புளி, மாங்காய், அரைத்த தேங்காய். எதிர்வீட்டு மாடியில் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன.

“சங்கரா மீன்” என்றாள் ஸ்ரீவித்யா. “காலைல தாம்பரம் மார்க்கெட்ல வாங்கினாளாம். போகத்தான போறோம், கொதிக்கட்டும்னா.”

பால்கனிக்கு ஓடினேன். ஓடாமல் என்ன? ஞானாம்பாள் படியேறிக்கொண்டிருந்தாள். ஈவ்லின் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். இந்தமுறை மூடியைத் திறந்து காட்டப் போகவில்லை.

“ஆமா ஆன்ட்டி. மீன்தான். இன்னிக்குத்தான் முதல் தடவை.”

ஞானாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். கோபப்படுவாள் என்றுதான் நான் காத்திருந்தேன். அவள் குழம்பிப்போய் நின்றாள்.

“இது இல்லையே” என்றாள்.

“என்ன ஆன்ட்டி?”

“இந்த வாசனை இல்ல அது. அது வேற. புகை மாதிரி, மசாலா மாதிரி. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வரும். துணி துவைக்கறப்போ அவர் சட்டையில இருக்கும். கேட்டா, மாடியில சமைக்கறாங்க, அந்த வாசனை ஒட்டிக்குதும்பார். மூணு வருஷமா நானும் ஏறி ஏறி வந்து உன் பாத்திரத்தைத் தொறந்து பார்த்தேன். ஒரு தடவைகூட இருந்ததில்ல.”

ஈவ்லின் கரண்டியைக் கீழே இறக்கினாள். தன் வீடு எதனால் போகிறது என்று அவளுக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவள் முகம் சிவந்ததை எதிர்வீட்டிலிருந்தே பார்த்தேன்.

“நீ பொய் சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும்” என்றாள் ஞானாம்பாள். “சொல்லு. அவர் சட்டையில இருக்கறது என்ன வாசனை?”

சமையலறைக்குள்ளிருந்து தயாளன் வேண்டாம் என்று தலையாட்டினார். பியூலா கையில் புத்தகத்தோடு வந்து அம்மாவைப் பார்த்தாள். கீழே ஷ்யாம்சுந்தரின் கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து இறங்கிய கஸ்தூரிரங்கன், மாடியை அண்ணாந்து பார்த்தார்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஈவ்லின் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், எதிர்வீடு இல்லையா? சொல்ல மாட்டேன். இவ்வளவு நேரம் ஓசியில் வேடிக்கை பார்த்தீர்களே, பதிலை நீங்கள் எழுதுங்கள். வீட்டுக்காரராக இருந்தால் ஒருவிதமாக எழுதுவீர்கள், வாடகைக்கு இருந்தால் இன்னொருவிதமாக. எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

மஷ்ரூம் என்று மட்டும் எழுதாதீர்கள்.