தலை நனைந்தவன்

"நான் போயிட்டா உங்களுக்கு மோட்சம் கிடைக்கும். இருந்தா கிடைக்காது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

தவளை கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டிருந்தான். சபையின் ஞானஸ்நானத் தொட்டியைக் கழுவி நிரப்புவது அவன் வேலை. பாசி பிடித்த தொட்டியில் வருஷக்கணக்காகக் குதித்து ஏறியதில் வந்த பெயர்தான் தவளை. அந்தத் தெருவில் இரட்சிக்கப்பட்ட அத்தனை பேரும் அவன் நிரப்பிய தண்ணீரில் முங்கியவர்கள்தான். அவனுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டிருந்தது. காரணம், அவள் அவனுக்குக் கல்யாணமான மனைவி இல்லை.

அவளைக் கட்டியவர் நல்ல ஆரோக்கியத்தோடு, சபைக் காரியங்களை நடத்தும் பெரிய மூப்பராக, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிறக்கவில்லை என்று அவளை அடித்துத் துரத்தியவர் அவர். ஆனால் முறைப்படி முங்கியவர். ஆகவே மோட்சத்தில் அவருக்கு இடம் உறுதி. துரத்தப்பட்டவளுக்குச் சாப்பாடு போட்டவனுக்கு நரகம். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

"அவளை அனுப்பிட்டு வா, உன்னையும் முக்கிடலாம்" என்று போதகர் தவளையிடம் சொன்னது எப்படியோ அவள் காதுக்கு வந்துவிட்டது.

"சாயந்திரம் பேசிக்கலாம். இன்னைக்கு மரக்கடைக்காரர் முங்குறாரு, நான் போய்த் தண்ணி ரொப்பணும்" என்று தவளை கிளம்பினான்.

மரக்கடைக்காரர் உடம்பை மூன்று பேருக்குப் பங்கு போடலாம். தண்ணீர் என்றால் அவருக்குக் குலைநடுக்கம். இடுப்பளவு தண்ணீரில் அவரை நிறுத்தி, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று போதகர் ஆரம்பித்தார். குமாரன் வரும்போதே மரக்கடைக்காரருக்குக் கால் வழுக்கியது. ஓரத்தில் நின்ற தவளை குதித்தான். மரக்கடைக்காரர் அவன் கழுத்தைக் கட்டி, முதுகில் ஏறி, தோளில் உட்கார்ந்துகொண்டார். போதகர் ஜெபத்தை நடுவில் நிறுத்துகிற ஆள் இல்லை. கைக்கு அகப்பட்ட தலையை நன்றாக அமுக்கி, "உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், ஆமென்" என்று முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

மரக்கடைக்காரர் தலையில் வகிடுகூடக் கலையாமல் மேலே இருந்தார். போதகரின் கைக்கடியில், தண்ணீருக்குள், தவளை இருந்தான். சபை முழுவதும் பார்த்தது.

மூப்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஒரே ஞானஸ்நானம்னுதான் வேதத்துல இருக்கு. மரக்கடைக்காரருக்கு மறுபடியும் கொடுத்தா, மொதல்ல கொடுத்தது யாருக்குப் போச்சுன்னு கேப்பாங்களே."

"தண்ணிக்குள்ள இருந்தவனுக்குத்தான் போயிருக்கும்."

"அவன் பாவத்துல இருக்கான்யா" என்றார் பெரிய மூப்பர்.

"பாவத்துல இருக்கிறவனுக்குத்தானே அது?" என்று கேட்ட மூப்பர் சபைக்குப் புதிது. மற்றவர்கள் பார்த்த பார்வையில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. தன் தலை முங்கவில்லை என்று தவளையே சொல்லிவிட்டால், ஞானஸ்நானம் யார் மேலும் விழவில்லை என்றாகிவிடும். மரக்கடைக்காரரை நிம்மதியாக மறுபடி முக்கலாம்.

போதகரே வீடு தேடி வந்தார்.

"தம்பி, தலை முங்கலன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிடு. அப்புறம் உனக்கே தனியா, முறையா செஞ்சிடலாம்" என்றவர் அவள் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்துத் திருப்தியானார்.

"காதுல இன்னும் தண்ணி நிக்குதுங்களே."

"அது குளிச்ச மாதிரிதான்யா. மனசுல விசுவாசம் வேணாமா?"

"மரக்கடைக்காரருக்கு இருந்துச்சுங்களா? ஆண்டவர விட்டுட்டு என் கழுத்தையில்ல புடிச்சாரு."

அவள் முன்னால் வந்தாள். "அய்யா, முங்கினாத்தான் ரட்சிப்புன்னீங்க. நம்பினேன். இப்ப முங்கினவரையே பொய் சொல்லச் சொல்றீங்க. நான் இருந்தா இவருக்கு மோட்சம் இல்லைன்னு சொன்னதும் இதே வாய்தான? நான் எங்கயும் போறதா இல்லை. நீங்க காப்பி குடிக்கிறீங்களா?"

போதகர் குடிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் குற்றத்தைத் தண்ணீர் மேல் போட்டார்கள். அந்தத் தண்ணீர் தீட்டுப்பட்டுவிட்டது, அன்றே திறந்து விட வேண்டும் என்று தீர்ப்பு. தவளை போய் அடைப்பைப் பிடுங்கினான். தொட்டித் தண்ணீர் முழுவதும் தெருவில் இறங்கியது. வேலை விட்டு வந்தவர்கள் அதில் நடந்தார்கள். பிள்ளைகள் குதித்தன. இரண்டு நாய்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டு அதிலேயே புரண்டன. அன்று மாலை அந்தத் தெருவில் இரட்சிக்கப்படாத உயிர் ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெரிய மூப்பர் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டி, ஈரம் படாத கல்லாகத் தேடித் தேடிக் கால் வைத்து வந்தார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து வாங்க" என்றாள். "கால் நனைஞ்சிட்டா, எங்களோட சேந்து மோட்சத்துக்கு வர வேண்டியதாயிடும்."