உங்கள் நாட்டில் கிடைக்காது

கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாங்க எடுக்கச் சொன்னது ஒரே ஒரு வீடியோம்மா. மொத்தப் பக்கத்தையும் மூடினது வீடியோ ஆப் கம்பெனிக்காரன். அவனைக் கேளு."

சம்மக்கா கம்பெனியைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். ஹைதராபாத்தின் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் காவலாளி வாசலைத் தாண்ட விடவில்லை. "கவர்மென்ட் சொன்னதைச் செய்றாங்க. எதுன்னாலும் போன்லயே எழுதிப் போடும்மா" என்றான். எழுதிப் போட்டாள். அரை நிமிஷத்தில் பதில் வந்தது: சட்டப்படி இந்தப் பக்கம் உங்கள் நாட்டில் கிடைக்காது.

பக்கம் அவள் கணவன் மல்லேசத்தினுடையது. மூன்று வருஷமாக ஷிஃப்ட் முடிந்ததும் கோதாவரிக் கரையில் நின்று ஊர்க்கதை பேசி அதில் வீடியோ போடுவான். சிரிப்பு முட்டி, பேச்சு பாதியில் நின்றுவிடும். தொழிற்சாலையில் பாய்லர் வெடித்தபோது அவன் போனும் அவனோடு எரிந்துபோயிற்று. செத்தவர்கள் ஆறு பேர் என்று பட்டியல் வந்தது. அதில் மல்லேசம் இருந்தான்; கூடவே செத்த பக்கத்து வீட்டு ராஜவ்வாவின் மகன் இல்லை. அவன் ஒப்பந்தக் கூலி. சம்மக்கா தன் போனில் திறந்து கிடந்த அதே பக்கத்தில் பேசிப் போட்டாள்: "பதினோரு வீட்டுல சாவு. மிச்சம் அஞ்சு பேர் எங்க?" இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். நான்காம் நாள் பக்கம் மூடிக்கொண்டது.

"சார், அந்த ஒண்ணை நானே எடுத்துடறேன். இனி எதுவும் கேக்க மாட்டேன். மத்ததைத் திறக்கச் சொல்லுங்க. அவரு குரல் அதுல மட்டும்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் துணைக்கு வந்திருந்த ராஜவ்வா பின்னால் நிற்பது உறைத்தது. குமாஸ்தா மறுபடியும் கம்பெனியையே கைகாட்டினார். கிழவி பஸ் ஸ்டாண்ட் வரை நாலடி தள்ளியே நடந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மஸ்கட்டிலிருந்து கொழுந்தன் ராஜேசம் கூப்பிட்டான்.

"அண்ணி, இங்க தெரியுது! அண்ணன் பக்கம் அப்படியே இருக்கு. கேளுங்க."

இன்னொரு போனை அவன் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். ஆற்றங்காற்றின் இரைச்சல், அதற்குள் மல்லேசம். யாரோ எருமை வாங்கப் போய் ஏமாந்த கதை. சிரிப்பு வந்து பேச்சு நின்றுபோயிற்று. சம்மக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜவ்வா நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"என் பிள்ளையும் அவன்கூட ஆத்துக்குப் போவான். எதுலயாவது அவன் பேசியிருக்கானா, கேளேன்."

"இருங்க பெரியம்மா, தேடறேன்" என்றான் ராஜேசம். ஒரு வீடியோ தொடங்கி அறுந்தது, இன்னொன்று தொடங்கி அறுந்தது. ஊருக்குப் போகும் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டு பெண்களும் போனின் மேல் குனிந்திருந்தார்கள்.